ஆறாவது கீறல்

கையை அப்படித் தொங்கப் போடாதீங்க டீச்சர். கழுத்துல மாட்டியிருக்க பை முழங்கையைத் தாங்கணும், மணிக்கட்டைத் தாங்கினா ஒரு பிரயோஜனமும் இல்ல. இங்கன தள்ளி உக்காருங்க, நான் சரியா மாட்டி விடுதேன். வலிக்கா? வலிக்கத்தான் செய்யும். காறை எலும்புதான, காலர் போன்? நீங்க படி ஏறும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு தோளு முன்னால சரிஞ்சு கிடக்கு, மத்தக் கையால அந்தக் கையைப் பச்சப்பிள்ளையத் தூக்குத மாதிரி தூக்கிட்டு வாரீங்க. ஸ்கூட்டியா? நாய் குறுக்க விழுந்துச்சா? பாளையங்கோட்டையில பாதி எலும்பு நாயாலதான் உடையுது.

டீச்சர்னு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? எலும்பு உடைஞ்ச பொறவும் பையில பரீட்சைப் பேப்பர் கட்டும் சிவப்புப் பேனாவும் வச்சுக்கிட்டு வேற யாரு அலைவா?

என் பேரு வயலட். இருபத்தாறு வருஷம் ஒரு எலும்பு ஆஸ்பத்திரில தியேட்டர் சிஸ்டரா நின்னவ. நின்னு நின்னு முட்டி தேஞ்சு, இப்ப நானும் இந்த ஸ்கேன் சென்டர்ல படம் எடுக்க டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களுக்கு நாப்பத்தொண்ணு, எனக்கு நாப்பத்தேழு. உள்ள இப்பத்தான் முப்பத்தஞ்சு போயிருக்கு. நேரம் கிடக்கு. அந்த எக்ஸ்ரே கவரை இங்க குடுங்க, பாப்போம்.

இதான் உங்க காறை எலும்பு. நேர்க் கம்புன்னு நினைப்பாங்க, இல்ல, ரெண்டு வளைவு இருக்கு பாருங்க. உங்களுக்கு நடுவுல இருந்து கொஞ்சம் நெஞ்சுப் பக்கமாத் தள்ளி உடைஞ்சிருக்கு. அதான் உங்க டாக்டர் மருந்து ஏத்தி ரத்தக்குழாய்ப் படமும் கேட்டிருக்காரு. விவரமான ஆளு. இந்த எக்ஸ்ரேல எலும்பு மட்டுந்தான் தெரியும். எலும்புக்கு அடியில ஒண்ணுமில்லாம கருப்பா இருக்குல்லா, அந்த இடத்துலதான் டீச்சர் எல்லாமே இருக்கு.

உங்க நல்ல கையைக் குடுங்க. என் எலும்புக்கு மேல, இந்தக் குழியில வையுங்க. கூச்சப்படாதீங்க, அமுக்குங்க. துடிக்குதா? அதான் கைக்குப் போற தமனி. அதுக்கு முன்னால எலும்போட உரசிக்கிட்டு ஒரு பெரிய சிரை வரும். அது துடிக்காது, அதனால விரலுக்குத் தெரியாது. என் சுண்டு விரல் தண்டி இருக்கும், ஆனா சுவர் ரொம்ப மெல்லிசு. கூடவே கைக்குப் போற நரம்புக் கட்டு. நெஞ்சுப் பக்கத்துல அந்தச் சிரை எலும்புக்குப் பின்னாலயே ஒட்டிக் கிடக்கும். நடு எலும்புக்கு வரும்போது மூணும் சேந்து அடியில நுழையும், இடையில ஒரு மெல்லிய தசை மட்டுந்தான் மெத்தை. தோள் பக்கம் போயிட்டா எல்லாம் விலகி அக்குளுக்கு இறங்கிரும். தகடு வைக்கும்போது தோள் பக்கத்துல ஓட்டை போட யாரும் பயப்பட மாட்டாங்க. உள்ள வர வரத்தான் பயம்.

கையிலயோ காலுலயோ ரத்தம் கொட்டினா மேல இறுக்கிக் கட்டலாம். இங்க எங்க கட்டுவீங்க? கழுத்துலயா? எலும்பு மூடி மாதிரி மேல நிக்கும், அடியில கிழிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. அதுலயும் சிரை தமனி மாதிரி பீச்சி அடிக்காது. ஊறும். கெணத்துல தண்ணி ஊறுத மாதிரி சத்தமில்லாம ஊறி நிக்கும்.

அய்யோ, முகம் வெளுத்துப்போச்சே. பயப்படாதீங்க. எத்தனையோ கேஸ்ல எப்பவாவது ஒண்ணுதான் அப்படி ஆகும். அந்த ஒண்ணுல நான் நின்னேன், அவ்வளவுதான். அதுக்காக ஒரு மனுசன் என்னைப் பதினாலு மாசம் குழிக்குள்ள போட்டாரு. அவருக்கு நான் திருப்பிக் குடுத்ததைத்தான் உங்ககிட்டச் சொல்லப் போறேன். கேளுங்க, டோக்கன் வரதுக்குள்ள முடிச்சிருதேன்.

அவர் பேரு டாக்டர் சிவசைலம். நல்ல கை. அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன், வஞ்சம் வேற, நியாயம் வேற. காலர் போனுக்குத் தகடு வைக்கணும்னா எலும்புக்கு மேல தகட்டை வச்சு, மேல இருந்து கீழ ஓட்டை போடணும். ட்ரில் எலும்பைத் தாண்டிக் கீழ போயிரக் கூடாது பாத்துக்கிடுங்க. அதுக்காண்டி எலும்புக்கு அடியில ஒரு தட்டையான இரும்பைச் சொருகிப் பிடிப்போம். லீவர்னு சொல்லுவோம், கரண்டிக் காம்பு மாதிரி இருக்கும். ட்ரில் முனை எலும்பைத் தாண்டுச்சுன்னா அந்த இரும்புல முட்டி 'கிறிச்'னு ஒரு சத்தம் கேக்கும். சத்தம் கேட்டதும் நிப்பாட்டிருவாரு. லீவர்ல பொட்டு மாதிரி ஒரு கீறல் விழும். ஒரு ஓட்டைக்கு ஒரு கீறல்.

லீவரைத் தலைமாட்டுல நின்னு ஒரு சின்ன டாக்டர் பிடிச்சிருப்பாரு. ஆனா அது ஓட்டைக்கு நேர் கீழதான் இருக்கா, நழுவிருச்சான்னு அவருக்கும் தெரியாது, மேல இருந்து பாக்குத சிவசைலத்துக்கும் தெரியாது. எதிர்ப்பக்கம் நிக்குத எனக்குத்தான் பக்கவாட்டுல அதோட முனை தெரியும். ஒரு நாள் நான் "சார், நழுவிட்டு"ன்னு சொல்லி ஒரு ஆளு பிழைச்சாரு. அன்னைல இருந்து தியேட்டர்ல ஒரு வழக்கம். நான் குனிஞ்சு பாத்து "இருக்கு"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் அவர் காலு ட்ரில் பெடலை மிதிக்கும். "சிஸ்டர் இருக்குன்னா எனக்கு இருக்கு" அப்படிம்பாரு. வெளியூர் டாக்டருங்க வந்து நின்னு பாத்துட்டு, இது நல்ல வழக்கம்னு சொல்லிட்டுப் போவாங்க.

எத்தனை ஆயிரம் "இருக்கு" சொல்லியிருப்பேன்னு கணக்கில்ல. வீட்டுலயும் அதே வாய்தான். எங்க வீட்டுக்காரரு சாப்பிட உக்காந்து "ரசம்..."னு ஆரம்பிப்பாரு, நான் திரும்பிக்கூடப் பாக்காம "இருக்கு"ன்னுருவேன். பொறவு பாத்தா சட்டி காலியா இருக்கும். அந்த மனுசன் சிரிப்பாரு. அது கிடக்கட்டும்.

கல்லிடைக்குறிச்சியில இருந்து ஒருத்தர் வந்தாரு. சங்கரலிங்கம்னு பேரு, அப்பளக் கம்பெனி வச்சிருந்தாரு. எலும்பு உடைஞ்சு ஏழு வாரம் எண்ணெய்க் கட்டு போட்டுச் சரியாகாம வந்திருக்காரு. பழைய முறிவுன்னா உள்ள எல்லாம் ஒட்டிக்கிடும் டீச்சர், சிரை தானா விலகிப் போகாது. ரொம்பக் கவனமா இருக்கணும்.

அன்னைக்குக் காலையில எனக்கும் சிவசைலத்துக்கும் ஒரு பேச்சு. தியேட்டர் இன்சார்ஜ் போஸ்டு காலியா இருந்துச்சு. எனக்குத்தான்னு ஆஸ்பத்திரில எல்லாருக்கும் தெரியும், வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். இந்த மனுசன் வராண்டாவுல கையைக் கழுவிக்கிட்டே, "சிஸ்டர், அதை பிரின்ஸிக்குக் குடுத்திருக்கு. அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" அப்படிங்காரு. கையைக் கழுவிக்கிட்டே. பிரின்ஸி யாரு? நான் நூல் கோக்கச் சொல்லிக் குடுத்தவ. எனக்கு உச்சந்தலையில தீ வச்ச மாதிரி இருந்துச்சு. கவுனை மாட்டிட்டு உள்ள போயிட்டேன்.

மனசு கொதிச்சுது, ஆனா கை சரியா ஓடுச்சு. அதான் டிரெயினிங். உள்ளுக்குள்ள ராஜினாமா லெட்டர் எழுதிட்டே இருந்தேன். 'ஐயா, இருபத்தாறு வருட சேவைக்கு'ன்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியா. வெளிய கேட்ட சாமானெல்லாம் கரெக்டா அவர் கையில போய் விழுது. முத ஓட்டை, இருக்கு. ரெண்டாவது, இருக்கு. மூணு, நாலு, எல்லாம் சொன்னேன். அஞ்சாவதுதான் நெஞ்சுப் பக்கத்து ஓட்டை. சின்ன டாக்டர் ரத்தத்தை உறிஞ்ச கை மாத்தினாரு. லீவர் நகந்திருக்கும். அஞ்சாவதுக்கு நான் சொல்லல.

நான் சொல்லல டீச்சர். அவரா ஓட்டினாரு.

சத்தம் கேக்கல. 'கிறிச்' இல்ல. ட்ரில் பாட்டுக்கு வெண்ணெயில இறங்குத மாதிரி இறங்குச்சு. வெளிய எடுத்தாரு, ஓட்டை வழியா கருஞ்சிவப்பா ஊற ஆரம்பிச்சுது. சிவசைலம் உள்ள பஞ்சுத் துணியை அடைச்சு, விரலை வச்சு அமுக்கிட்டு, ரத்தக்குழாய் டாக்டர் வாரது வரைக்கும் நாப்பது நிமிஷம் அந்த விரலை எடுக்கல. எலும்பை விலக்கி, நெஞ்சு வரைக்கும் திறந்து தைச்சாங்க. எத்தனை பாட்டில் ரத்தம் ஏறுச்சுன்னு கேக்காதீங்க. ஆளு பிழைச்சுக்கிட்டாரு. ஆனா நரம்பு அடிபட்டுட்டு, இடது கையில மூணு விரல் மடங்காது. அப்பள மாவு உருட்டுத கை.

மறுநாள் ரூம்ல உக்காத்தி வச்சு விசாரிச்சாங்க. சிவசைலம் என்ன சொன்னாரு தெரியுமா? "சிஸ்டர் இருக்குன்னாங்க, நான் ஓட்டினேன். நானும் ஒரு தடவை கேட்டிருக்கணும். தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு." எவ்வளவு நைச்சியமான பேச்சு பாருங்க. ரெண்டு பேர் மேலயும்னு சொன்னா ஆச்சா? ரெண்டு பேர்ல கீழ போனது ஒருத்திதான? மயக்க டாக்டரம்மா நபீஸாவைக் கேட்டாங்க. மேலப்பாளையத்து அம்மா, எங்கிட்டப் பிரியமா இருப்பாங்க. அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "எனக்கும் கேட்டுச்சு, சிஸ்டர் சொன்னாங்க"ன்னாங்க. மயக்க டாக்டர்னா மானிட்டரைப் பாக்கணும், மூச்சைப் பாக்கணும். என் வாயைப் பாக்க அவங்களுக்கு என்ன வேலை? எல்லாம் டாக்டர், டாக்டருக்குத்தான் பேசுவாங்க.

என்னைக் கீழ் மாடிக்கு அனுப்பிட்டாங்க. சாமானெல்லாம் கழுவி, ஆவியில வேக வச்சு, கட்டி அனுப்புத ரூம். ஜன்னல் கிடையாது. தியேட்டர்ல இருபத்தாறு வருஷம் நின்னவ பதினாலு மாசம் அங்கன கிடந்து வெந்தேன். மேல என் இடத்துல பிரின்ஸி நிக்காளாம்.

சும்மா இருப்பேனா? ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டேன். அவருக்கு ஏழரை சைஸ் கிளவுஸ், ஏழு சைஸ் போயி நிக்கும். போட்டுக்கிட்டு விரல் மரத்துப்போயி நிக்கட்டும்னுதான். அவருக்குன்னு ஒரு ஸ்குரூ டிரைவர் உண்டு, அது மட்டும் வேற பெட்டிக்குள்ள போயிரும். மேல இருந்து அவர் கத்துத சத்தம் லிஃப்ட் வழியாக் கீழ கேக்கும். கேட்டுக்கிட்டே டீ குடிப்பேன். நோயாளிக்கு அதனால ஒண்ணும் ஆகாது டீச்சர், அஞ்சு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். சர்ச்சுல ஜெபக் குறிப்பு எழுதிக் குடுப்பாங்கல்லா, ஞாயித்துக்கிழமைதோறும் அவர் பேரை எழுதிக் குடுத்தேன். நீண்ட ஆயுசு வேணும்னுதான் எழுதினேன். சட்டுனு செத்துட்டா எங்கிட்ட எப்ப மாட்டுவாரு?

அவர் மாசாமாசம் காரை எடுத்துட்டுக் கல்லிடைக்குறிச்சி போயி அந்த சங்கரலிங்கத்தைப் பாத்துட்டு வருவாராம். ஆஸ்பத்திரியே சொல்லிச் சொல்லி மாஞ்சு போகும். நல்ல பேரு வாங்கத்தான், வேற எதுக்கு? நான் போகல. நான் எதுக்குப் போகணும்? போனா, நான்தான் செஞ்சேன்னு ஆயிரும்லா. ஒரு தடவை சங்கரலிங்கம் கம்பெனி அப்பளம் எங்க தெருக் கடையில கிடந்துச்சு. வாங்கல.

இன்னொண்ணு கேள்விப்பட்டேன். அதுக்குப் பொறவு சிவசைலம் காலர் போன் கேஸையே எடுக்கலயாம். வந்ததையெல்லாம் வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புதாராம். பயந்துட்டாருன்னு எல்லாரும் பரிதாபப்பட்டாங்க. எனக்கு எவ்வளவு இனிச்சுதுங்கிறதை வாயால சொல்ல முடியாது.

என்ன நம்பர் கூப்பிட்டாங்க? முப்பத்தெட்டா? சரி, இன்னும் இருக்கு.

ஒரு நாள் மத்தியானம் கீழ் மாடி போன் அடிக்கு. சிவசைலமே பேசுதாரு. "சிஸ்டர், மேல வர முடியுமா? ஒரு காலர் போன்." பிரின்ஸி பிரசவ லீவுல இருக்கா, இன்னொருத்தி டெங்குல கிடக்கா. கேஸை வெளிய அனுப்பவும் முடியாது, எலும்பு தோலைக் குத்திக்கிட்டு நிக்கு, எந்நேரமும் கிழிச்சிரும். மானூர்க்காரப் பொண்ணு, இசக்கின்னு பேரு, இருபத்திரெண்டு வயசு. கபடி ஆடுதவ. போலீஸ் வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவுல எடுத்திருக்காங்க, ரெண்டு மாசத்துல ஓடிக் காட்டணும்.

நான் லிஃப்ட்ல போகல. படியில ஏறினேன். ஒவ்வொரு படியா ஏறும்போதே தீர்மானம் பண்ணிட்டேன். கேட்ட சாமானைக் குடுப்பேன், எண்ணிக்கை சொல்லுவேன், எல்லாம் செய்வேன். அந்த ஒரு சொல்லு மட்டும் என் வாயில இருந்து வராது.

பொண்ணு தூங்குதா. தோலைத் திறந்தாச்சு, எலும்பைச் சேத்தாச்சு, தகடு உக்காந்தாச்சு, ஆறு ஓட்டைத் தகடு. புது லீவர், பாக்கெட் பிரிச்சு நானே எடுத்து வச்சேன், கண்ணாடி மாதிரி மினுங்குச்சு. சின்ன டாக்டர் அதை அடியில சொருகிப் பிடிச்சாரு. சிவசைலம் நெஞ்சுப் பக்கத்து ஓட்டையில இருந்துதான் ஆரம்பிச்சாரு, பயத்தை முதல்ல முடிச்சிரணும்னு நினைச்சாரு போல. ட்ரில்லை வச்சாரு. காலு பெடல் மேல இருக்கு. நிக்காரு.

நான் பேசாம நிக்கேன்.

"சிஸ்டர்?"

"சார்."

"இருக்கா?"

"எனக்குத் தெரியாது சார். நான் சொன்னாத் தப்பாப் போயிருதுல்லா."

சின்ன டாக்டர் அவசரப்பட்டு, "நான் பிடிச்சிருக்கேன் சார், இருக்கு"ன்னாரு. சிவசைலம் காலு அசையல. நெத்தியில வேர்வை, நபீஸா டாக்டர் வந்து துடைச்சு விட்டாங்க. "சிஸ்டர், பொண்ணு டேபிள்ல கிடக்கா"ன்னு எங்கிட்ட மெதுவாச் சொன்னாங்க. எனக்குத் தெரியாதா? நான்தான அவளுக்குப் போர்த்தி விட்டேன்.

நான் சொன்னேன்: "சார், அன்னைக்கு அஞ்சாவது ஓட்டைக்கு நான் சொல்லலன்னு சொல்லுங்க. இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. பொறவு நான் பாத்துச் சொல்லுதேன்."

சுவர்க் கடிகாரம் எனக்கு நேரா இருந்துச்சு. பதினோரு நிமிஷம் டீச்சர். ட்ரில்லை எடுத்தாரு, மறுபடி வச்சாரு, எடுத்தாரு. அந்தத் தவிப்பைப் பாத்துப் பாத்து எனக்கு ஆசை தீரல. பதினாலு மாசம் ஆவியில வெந்ததுக்கு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு மாசமா ஈடு கட்டுச்சு. கடைசியில குனிஞ்ச தலையோட, அந்தப் பொண்ணோட எலும்பைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "நீங்க சொல்லல சிஸ்டர். நான்தான் ஓட்டினேன்."

"கேக்கல சார்."

தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. "நீங்க சொல்லல. தப்பு என் பேர்ல. இப்ப சொல்லுங்க சிஸ்டர், தயவுசெஞ்சு. இருக்கா?"

எவ்வளவு பெரிய டாக்டர். ஊர்ல எத்தனை பேரு கும்பிடுத கை. அந்தக் கண்ணு ரெண்டும் கெஞ்சுது டீச்சர், மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும் எங்கிட்டக் கெஞ்சுது. அதைப் பாத்துக்கிட்டே நான் சொன்னேன்.

"இருக்கு."

ஓட்டினாரு. வழக்கம் மாதிரி ஒரே மூச்சா ஓட்டல, கொஞ்சம் ஓட்டி நிப்பாட்டி, கொஞ்சம் ஓட்டி நிப்பாட்டி, பிள்ளை நடை பழகுத மாதிரி. அவ்வளவு பயம். முடிஞ்சு ட்ரில்லை எடுத்தாரு, ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. லீவரைச் சரியாப் பிடிக்கச் சொல்லி, சின்ன டாக்டர் கை மேல தன் கையை வச்சு ஏதோ நகட்டினாரு. பொறவு அஞ்சு ஓட்டை. நான் குனிஞ்சு பாத்துப் பாத்துச் சொன்னேன், அவர் ஓட்டினாரு. கிறிச், கிறிச்னு மளமளன்னு முடிஞ்சுது. இசக்கி இப்ப மணிமுத்தாறுல போலீஸ் டிரெயினிங்ல இருக்கா. என் கேஸ் அது, நான் நின்னு முடிச்ச கேஸ். பதினோரு நிமிஷம்லாம் அவளுக்கு யாரும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

ஆபரேஷன் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. சிவசைலம் ஸ்டூல்ல உக்காந்து மாஸ்க்கைக் கழட்டினாரு. நான் எழுதிக் கேட்டேன், விடுவேனா? ஆஸ்பத்திரித் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சீல் வச்சுக் குடுத்தாரு. 'அன்று சிஸ்டர் வயலட் சொல்லவில்லை, நானாகவே ஓட்டினேன்.' இந்தா, பையில இருக்கு, படிச்சுப் பாருங்க. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். விசாரிச்சவங்க எல்லாருக்கும் ஜெராக்ஸ் அனுப்பினேன், நபீஸா டாக்டருக்கு ரெண்டு. இன்சார்ஜ் போஸ்டுக்கே என்னைக் கூப்பிட்டாங்க. வேண்டாம்னு தூக்கி எறிஞ்சுட்டு வந்துட்டேன். அவர் இப்ப காலர் போனைத் தொடுததே இல்லயாம். முடிச்சிட்டேன் டீச்சர் அந்த மனுசனை.

அந்தத் தாளை நீட்டும்போது ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க. அவர் புத்தி போகல. "சிஸ்டர், இது உங்களுக்குப் போதும்னா வச்சுக்கோங்க. ஆனா இன்னைக்கு முத ஓட்டைக்கு நீங்க கீழ பாக்கல. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. அன்னைக்கும் அப்படித்தான்."

தோத்துப்போனவன் பேச்சு. வேற என்ன சொல்ல முடியும் அவரால? இருபத்தாறு வருஷம் பாத்தவ, பாக்காமச் சொல்லுவாளா? பாத்திருப்பேன். மூஞ்சியைப் பாக்குததுக்கு முன்னால பாத்திருப்பேன். பழகின கண்ணு டீச்சர், நமக்கே தெரியாம அது பாட்டுக்குப் பாத்துக்கிடும்.

நாப்பதா கூப்பிட்டாங்க? அடுத்தது நீங்கதான். ஒரு நிமிஷம். இந்தப் பையைப் பிடிங்க, இல்ல, உங்களால முடியாது, நானே எடுக்கேன். இந்தக் கைக்குட்டையைப் பிரிச்சா... இதான் அந்த லீவர். இசக்கிக்கு வச்சது. அன்னைக்குச் சாயந்திரம் கீழ் மாடியில நானே கழுவினேன், கழுவும்போதே பையில போட்டுட்டேன். ஆஸ்பத்திரில ரெண்டு நாள் தேடினாங்க. தேடட்டும்.

புது இரும்பு, அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் வேற கேஸுக்குப் போகல. ஆறு ஓட்டை போட்டோம். ஆறு கீறல் இருக்கணும். ஜன்னல் பக்கமாத் திருப்பி வச்சுப் பாருங்க, பொட்டுப் பொட்டாத் தெரியும். எனக்கு இப்ப கண்ணுல புரை விழுது, நான் எண்ணினா அஞ்சுதான் வருது. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கும். அப்படி விழும். எங்க வீட்டுக்காரரை எண்ணச் சொன்னேன், அவர் எண்ணிட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டாரு. போன வாரம் பஸ்ல ஒரு பொண்ணுகிட்டக் குடுத்தேன், அது சரியாவே எண்ணல.

நீங்க பேப்பர் திருத்துத கண்ணு. மார்க் விட்டுப்போனா உங்களுக்குத் தெரியும். அந்த ஓரத்துல, நெஞ்சுப் பக்க முனையில, நல்லாப் பாருங்க. கூப்பிடட்டும், ஒரு தடவை கூப்பிட்டு வரலன்னா மறுபடி கூப்பிடுவாங்க. விரலை வச்சு ஒண்ணு ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணுங்க.

என் மூஞ்சியைப் பாக்காதீங்க டீச்சர். கீழ பாத்துச் சொல்லுங்க.